ஆர்கன் கடைசியில் மட்டும் வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த, பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸின் ஆர்கன் சிம்பொனி (ஆர்கெஸ்ட்ராவோடு பைப் ஆர்கன் எனும் குழல் வாத்தியமும் சேரும் நீண்ட படைப்பு) ஒலிப்பதிவு பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2025 மார்ச்சில் இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியதிலிருந்து, ‘அதெல்லாம் நமக்கெதற்கு’ என்று ஒதுங்கியிருந்தவர்கள்கூட எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம் என்று விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் 1959 ஒலிப்பதிவைக் கைகாட்டியது நல்ல தேர்வு. ஆனால் ஆர்கன் கடைசி எட்டு நிமிடத்தில்தான் வருகிறது, அதுவரை பொறுத்திருக்க வேண்டும் என்று எழுதியிருப்பது தவறு. அதை நம்பிக் கேட்பவர், ஆர்கன் முதன்முதலில் வரும் இடத்தையே, அதாவது இந்தப் படைப்பின் மிக அழகான பத்து நிமிடத்தையே, காத்திருப்பு நேரமாகக் கழித்துவிடுவார்.

முதலில் சில விவரங்கள். படைப்பு, காமில் சேன்-சான்ஸின் மூன்றாவது சிம்பொனி, சி மைனர், ஓபஸ் (படைப்பு எண்) 78. (பெயர் ‘செயின்ட் சேயன்ஸ்’ என்று அச்சாகியிருந்தது. பிரெஞ்சு உச்சரிப்பு ‘சேன்-சான்ஸ்’ என்பதற்குத்தான் நெருக்கம்.) லண்டன் பில்ஹார்மோனிக் சங்கம் கேட்டு எழுதியது. 1886 மே 19 அன்று செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் அவரே நடத்தினார். அதே மாலையில் பெத்தோவனின் நான்காவது பியானோ கான்செர்ட்டோவையும் அவரே வாசித்தார் என்பது உபரித் தகவல். அந்த ஜூலை 31-இல் ஹங்கேரிய இசையமைப்பாளர் ஃப்ரான்ஸ் லிஸ்ட் காலமானார். அச்சான பிரதி அவருடைய நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. மூன்றாவது என்று எண் இருந்தாலும், எண் இடாத இரண்டையும் சேர்த்தால் இது அவருடைய ஐந்தாவது சிம்பொனி. அதற்குப் பிறகு 35 ஆண்டுகள் வாழ்ந்தும் அவர் இன்னொன்று எழுதவில்லை.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. வெறுமனே ‘ஆர்கன் சிம்பொனி’ என்று தேடினால் விடோர் என்ற இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளர் எழுதியவையும் வந்து நிற்கும். அவை ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் தனி ஆர்கனுக்கு எழுதியவை. சேன்-சான்ஸ் வைத்த பெயர் ‘ஆர்கனுடன்’ என்பதுதான். ஆர்கன் இங்கே கச்சேரியின் நாயகன் அல்ல. ஆர்கெஸ்ட்ராவுக்குள் ஒரு வாத்தியம். இருவர் சேர்ந்து நாலு கையால் வாசிக்கும் பியானோவும் அப்படியே.

இனி ஆர்கன் வரும் இடம். சிம்பொனி இரண்டு பெரும் பாகங்களாக, ஒவ்வொன்றும் இரு பகுதிகளாக அமைந்தது. மொத்தம் சுமார் 35 நிமிடம். மெதுவான சிறு முன்னுரைக்குப் பிறகு வயலின்கள் ஒரு பதற்றமான மெட்டைப் பிடிக்கும். ஒவ்வொரு சுரத்தையும் இரட்டித்து, தாளத்துக்குச் சற்றுத் தள்ளியே வாசிக்கிறார்கள். ஓடிவந்து மூச்சு வாங்குபவர் பேசுவது போல இருக்கும். இந்த மெட்டுதான் விதை. பின்னால் வேகம், தாளம், மைனர், மேஜர் என்ற சுர அடுக்கு எல்லாம் மாறி மாறி இதுவே திரும்ப வருகிறது. லிஸ்டிடம் கற்ற வித்தை. சுமார் பத்தாவது நிமிடத்தில் பதற்றம் மெல்ல அடங்கி, தந்தி வாத்தியங்கள் தேய்ந்து, சுருதி டி ஃபிளாட் மேஜருக்கு நகரும். அந்த இடத்தில் எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் ஆர்கன் வந்து உட்கார்கிறது. அதன் மேல் வயலின், வியோலா, செல்லோ மூன்றும் சேர்ந்து ஒரே மெட்டை நீளமாக இழுக்கின்றன. பிறகு அதே மெட்டு கிளாரினெட், ஹார்ன், டிராம்போனுக்குப் போகும். நடுவே செல்லோவும் டபுள் பேஸும் விரலால் சுண்டும் தந்தியில் பழைய பதற்றம் ஒரு நிழலாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பல இடங்களில் ஆர்கன் அடியில் இருக்கிறது. இந்தப் பகுதி பத்து நிமிடம். கடைசிப் பகுதி எட்டு நிமிடம். ஆக, ஆர்கனுக்கு இடமுள்ள பகுதிகள் மொத்தத்தில் பாதி.

அப்படியானால் கட்டுரையாளர் காதில் அது ஏன் விழவில்லை? அவர் செல்போனிலோ சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கரிலோ கேட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். குற்றம் சொல்லவில்லை, பெரும்பாலோர் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் காரணம் தெரிந்தால் சரிசெய்துகொள்ளலாம்.

ஆர்கன் என்பது பெரிய ஆர்மோனியம் அல்ல. ஆர்மோனியத்தில் பித்தளை நாக்கு மட்டும் அதிர்கிறது. பைப் ஆர்கனில் பெரும்பாலான குழல்கள் புல்லாங்குழல் வகை. காற்று விளிம்பில் மோதிப் பிளந்து குழலுக்குள் இருக்கும் காற்றையே அதிரவைக்கும். நாக்கு வைத்த குழல்களும் உண்டு, அவை தனி வரிசை. வாசிப்பவர் எந்த வரிசை ஒலிக்க வேண்டும் என்பதைப் பக்கத்திலுள்ள குமிழ்களை இழுத்துத் தேர்ந்தெடுக்கிறார். இவற்றை ஸ்டாப் என்பார்கள். குழல் நீளத்தை அடியில் சொல்வது வழக்கம். 8 அடி வரிசையின் மிகக் கீழ் சி, நொடிக்கு 65.4 அதிர்வு. 16 அடியில் 32.7. 32 அடியில் 16.4, இதைக் காது கேட்பதைவிட நெஞ்சும் நாற்காலியும் அதிகம் உணரும். நாம் பேசும் டி ஃபிளாட்டின் மிகக் கீழ்ச் சுரம் 16 அடிக் குழலில் 34.6, 32 அடியில் 17.3.

செல்போன் ஸ்பீக்கர் சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. கையடக்க ப்ளூடூத் ஸ்பீக்கர் நல்லதாக இருந்தால் 70, 80 வரை இறங்கும். ஐந்து அங்குல வூஃபர் (கீழ் ஒலிக்கான கூம்பு) வைத்த புத்தக அலமாரி ஸ்பீக்கர் 50, 60 வரை. காலால் மிதித்து வாசிக்கும் பெடல் சுரத்தின் அடிப்படை அதிர்வு இவை எதற்குள்ளும் இல்லை.

அடிப்படை வராவிட்டாலும், அதன் மடங்குகளாகக் கூடவே ஒலிக்கும் மேல் அதிர்வுகளை வைத்துக் காது சுருதியை ஊகித்துக்கொள்ளும். கடைசிப் பகுதியில் ஆர்கன் முழு வீச்சில் வரும்போது பிரகாசமான ஸ்டாப்களெல்லாம் திறந்திருக்கும். மேல் அதிர்வுகள் கொட்டிக் கிடக்கும். அதனால் செல்போனிலும் ‘ஆகா, ஆர்கன்!’ என்று தெரிந்துவிடுகிறது. மெதுவான பகுதியிலோ மென்மையான புல்லாங்குழல் வகை ஸ்டாப்கள்தான். அவற்றுக்கு மேல் அதிர்வு மிகக் குறைவு. அடிப்படை போனால் எல்லாம் போயிற்று. எஞ்சுவது தனியாக வாசிக்கும் வயலின்கள் மட்டும். கட்டுரையாளர் கேட்டது அதைத்தான்.

செலவு குறைந்த வழி, காதை முழுதும் மூடும் ஹெட்போன். காதுக்குள் செருகும் வகையானால் ரப்பர் முனை இறுக்கமாக அடைத்திருக்க வேண்டும். சிறு இடைவெளி இருந்தாலும் முதலில் ஒழுகிப் போவது இந்தக் கீழ் ஒலிதான். பெட்டியில் மூன்று அளவு முனைகள் கொடுப்பது அதற்காக. ஸ்பீக்கர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, ஒலி எழுப்பும் செயலி ஒன்றில் 35 அதிர்வை மிகக் குறைந்த சத்தத்தில் வையுங்கள். மெல்லிய அழுத்தமாக வந்தால் நல்லது. கரகரவென்றோ ‘டுர்ர்’ என்றோ வந்தால் அது 35 அல்ல, ஸ்பீக்கர் திணறி எழுப்பும் 70-உம் 105-உம். சத்தத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள், வூஃபர் கிழியும்.

சப்வூஃபர் வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. நம் வீட்டு அறைகளில் சிமென்ட் சுவர், மொசைக் அல்லது டைல்ஸ் தரை. திரைச்சீலையைத் தவிர ஒலியை உறிஞ்ச எதுவும் கிடையாது. 12 அடி நீள அறையில் 47 அதிர்வு அருகே ஒலி இரு சுவர்களுக்கிடையே தேங்கி நின்றுவிடும். சுவரோரம் உட்கார்ந்தால் அந்தச் சுரம் மட்டும் பூதாகரமாகவும், நட்ட நடுவில் உட்கார்ந்தால் காணாமலும் போகும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்காருவது ஓரளவு சமாதானம். சப்வூஃபரை மூலையில் தள்ளாமல், நீங்கள் உட்காரும் நாற்காலியில் அதை வைத்து ஓடவிட்டு, அறையைச் சுற்றித் தவழ்ந்து எங்கே கீழ் ஒலி சமமாகக் கேட்கிறதோ அங்கே அதை வைக்கலாம். பார்க்க வேடிக்கையாக இருக்கும், பலன் உண்டு. அப்புறம் ஸ்டீல் பீரோ. அதன் தலையில் அடுக்கிய பெட்டி, பூஜை அலமாரி மணி, ஜன்னல் கண்ணாடி, எல்லாம் ஆர்கனோடு சேர்ந்து பாடும். மெதுவான பகுதியில் ‘ஜிர்ர்’ என்று கேட்டால் ஒலிப்பதிவைச் சந்தேகிக்கும் முன் பீரோவில் கை வைத்துப் பாருங்கள்.

மின்விசிறியை அந்தப் பத்து நிமிடமாவது நிறுத்துங்கள். ஆம்ப்ளிஃபயர் எர்த் சரியில்லாமல் ‘ஹூம்’ என்று முனகினால் அதையும் கவனிக்க வேண்டும். நம் மின்சாரம் 50 அதிர்வு. டி ஃபிளாட் கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டின்) பஞ்சமமான ஏ ஃபிளாட்டின் கீழ்ச் சுரம் 51.9. இரண்டும் மோதினால் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். ஆர்கன் நடுங்குகிறது என்று தோன்றும். நடுங்குவது நம் வீட்டு வயரிங்.

சத்தம் வைப்பதிலும் எல்லோரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். தொடக்கம் மிக மெல்லியது. கேட்கவில்லையே என்று கூட்டி வைப்போம். 27-ஆம் நிமிடத்தில், எல்லாம் அடங்கித் தேய்ந்த மறுகணம், ஆர்கன் சி மேஜரில் முழுசாக இறங்கும்போது பதறிப்போய்க் குறைப்போம். முறை தலைகீழ்: முதலில் அந்தக் கார்டை ஓடவிட்டு, அது பெரிதாக, ஆனால் உறுத்தாமல் இருக்கும் அளவில் நிறுத்துங்கள். பிறகு முதலிலிருந்து போட்டுவிட்டு, கடைசிவரை கையை எடுத்துவிடுங்கள். தொடக்கம் எட்டிக் கேட்க வேண்டிய அளவில்தான் இருக்கும். அதுதான் அளவு. செயலிகளில் பாட்டுக்குப் பாட்டு சத்தத்தைச் சமன்செய்யும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்; ஒரு பாட்டு தேய்ந்து அடுத்தது எழும்படி கலக்கும் வசதியையும். நான்கு பகுதிகளும் தனித்தனிப் பாட்டாகப் பிரித்து ஏற்றப்பட்டிருந்தால், பதற்றம் அடங்கி ஆர்கன் வரும் அந்த ஒட்டு இடைவெளியில்லாமல் ஓட வேண்டும். அரை நொடி வெட்டு விழுந்தாலும் மாயம் கலைந்துவிடும்.

இசைத்தட்டு ரசிகர்களுக்கு ஒன்று. பழைய தட்டுதான் உயர்ந்தது என்று கட்டுரை சொல்கிறது. மற்ற எத்தனையோ படைப்புகளுக்கு ஒப்புக்கொள்வேன், இதற்கு முடியாது. 33⅓ சுற்றுத் தட்டில் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்கு 51 செ.மீ. வேகத்தில் ஓடும், மையத்தை நெருங்கும்போது 21 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். அதே ஒலியை அரைக்கும் குறைவான நீளத்தில் அடைக்க வேண்டும். சேன்-சான்ஸ் தம் மிகப் பெரிய ஒலியைக் கடைசியில் வைத்தார். தட்டில் அது மிக மோசமான இடத்தில் போய் விழுகிறது. ஊசியின் கோணமும் எடையும் நூல் பிடித்தாற்போல் இல்லையென்றால் அந்த உச்சத்தில் பித்தளை வாத்தியங்கள் கிழியும். தட்டு லேசாக நெளிந்திருந்தால் வூஃபர் முன்னும் பின்னும் ஆடி, பெடல் சுரத்துக்கு வேண்டிய சக்தியைத் தின்றுவிடும். தட்டைச் சுழற்றும் பெட்டியை சப்வூஃபர் இருக்கும் அதே மேசையில் வைத்தால் ஊளையிடும். இத்தனை கண்டங்களையும் தாண்டி நன்றாக ஒலிக்கும் தட்டு உண்டு. புதியவரை அந்த வழியில் அனுப்ப வேண்டாம். மூன்று தடங்களில் பதிவான மூல ஒலிநாடாவிலிருந்து எடுத்த எஸ்ஏசிடி (சிடியைவிட நுணுக்கமான ஒலித்தட்டு) இருக்கிறது; அந்த வசதி இல்லாவிட்டால் சாதாரண சிடியோ இழப்பில்லாத டிஜிட்டல் கோப்போ போதும்.

ஒலிப்பதிவுத் தேர்வுக்கு வருகிறேன். பாஸ்டன் பதிவு ஏன் இன்னும் நிற்கிறது? சார்ல் மூன்ஷ் நடத்திய வேகம் ஒரு காரணம்; இரண்டாம் பாகத் தொடக்கத்தில் அவர் ஆர்கெஸ்ட்ராவைச் சாட்டையால் அடித்து ஓட்டுவது போலிருக்கும். என்னைக் கேட்டால் பெரிய காரணம், ஆர்கனும் ஆர்கெஸ்ட்ராவும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தன என்பதுதான். பாஸ்டன் சிம்பொனி ஹாலில் ஏயோலியன்-ஸ்கின்னர் நிறுவனம் 1949-இல் அமைத்த ஆர்கன் மேடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. அந்த மண்டபத்தில் ஒலி அடங்க ஏறக்குறைய இரண்டு நொடி. கார்டு நிற்கும்போது எல்லாம் ஒன்றாக நிற்கிறது, ஒன்றாகத் தேய்கிறது.

இதற்கு மாறாக, நடத்துநர் பேரன்பாயிம் 1970-களில் சிகாகோவில் ஆர்கெஸ்ட்ராவைப் பதிவுசெய்து, ஆர்கனை பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் தனியாக எடுத்துச் சேர்த்தார். இன்னொரு நடத்துநர் காராயான் 1980-களின் தொடக்கத்தில் பெர்லின் ஆர்கெஸ்ட்ராவோடு பாரிஸ் நோத்ர் தாம் ஆர்கனை இணைத்தார். இரண்டும் புகழ்பெற்றவை, ஆர்கனின் கம்பீரத்துக்குக் குறையில்லை. ஆனால் கார்டு நின்ற பிறகு கவனியுங்கள்: ஆர்கெஸ்ட்ரா மண்டபத்தில் முடிந்துவிடும், ஆர்கன் பேராலயக் கல் வளைவுகளில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு ஊர் ஒரே நேரத்தில் கேட்கிறது. தவிர, ஆர்கன் சுருதியை நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் ஏ சுரம் சுமார் முக்கால் அதிர்வு உயர்ந்துவிடும். ஒரே மண்டபமானால் வயலின்காரர்கள் அன்றைய ஆர்கனுக்குத் தந்தியை முறுக்கிக்கொள்வார்கள், நம் கச்சேரியில் தம்புராவுக்குச் சேர்ப்பது போல. தனித்தனியே எடுத்தால் அந்தக் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

பாஸ்டன் பதிவிலும் குறை உண்டு. மெதுவான பகுதியில் ஒலிநாடாவின் ‘ஸ்ஸ்’ ஹெட்போனில் தெளிவாகக் கேட்கும். அதைக் குறைக்க ஈக்வலைசரில் கை வைத்தால் வயலின்களின் பளபளப்பும் சேர்ந்து போகும், விட்டுவிடுங்கள். இறுதி உச்சத்தில் ஒலி சற்று நெருக்கியடிக்கிறது. இன்னொன்று வேண்டுமென்றால் நடத்துநர் பால் பரே டெட்ராய்ட் ஆர்கெஸ்ட்ராவோடு 1957-இல் செய்தது: கச்சிதமானது, சதை குறைவு, எலும்பு தெளிவு. ஆர்கன் வாசித்தவர் மார்சல் துய்ப்ரே, பாரிஸ் சேன்-சுல்பீஸ் ஆலயத்தின் ஆர்கன் கலைஞர்.

கடைசிப் பகுதியைப் பற்றிக் கட்டுரை நிறையச் சொல்லிவிட்டதால் ஒன்றே ஒன்று. முதல் பெரிய கார்டைக் கேட்டு மெய்சிலிர்த்து அதோடு கவனத்தைத் தளரவிடாதீர்கள். அதை அடுத்து நாலு கை பியானோ கண்ணாடித் துகள் தெறிப்பது போல மேலும் கீழும் ஓட, தந்திகள் மிக மெல்லிய குரலில் ஒரு மெட்டை வாசிக்கும். அது முதல் பாகத்தில் மூச்சு வாங்கிய அதே மெட்டு. நம் காதுக்குச் சொன்னால், நடபைரவிப் பக்கம் இருந்தது சங்கராபரணத்துக்கு வந்துவிட்டது. காந்தாரமும் தைவதமும் நிஷாதமும் ஒரு படி ஏறிவிட்டன. அதன் பிறகுதான் ஆர்கன் அதையே எடுத்து முழங்குகிறது. மெல்லியதாக வந்ததைத் தவறவிட்டவருக்கு முழக்கம் வெறும் முழக்கமாகவே இருக்கும்.

கட்டுரையில் நடத்துநர், ஆர்கெஸ்ட்ரா, நிறுவனம், தட்டின் எண் எல்லாம் இருந்தன. மண்டபமும் ஆர்கன் வாசித்தவர் பெயரும் விடுபட்டுவிட்டன. மண்டபத்தை மேலே சொல்லிவிட்டேன். வாசித்தவர் பெர்ஜ் ஸாம்கோச்சியன். அடுத்த இணைப்பில் திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி